மேடையிழந்த ஓர் இசைநாடகம்: பவுல் ஆபிரகாமின் ‘சவோய் நடனவிழா’

பழந்தமிழ் நூல்கள் பல மறைந்தமைக்குக் கடல்கோளையும் கறையானையும் காரணமாகக் கூறிப் பழகியவர் நாம். கலைப்படைப்புகள் வழக்கொழிவதைப் பற்றிப் பேசுமிடத்தும் அவ்வாறே காலத்தின்மீது பழியைச் சுமத்திவிடுதல் எளிது. ‘மக்கள் சுவை மாறிற்று, பழையன கழிந்தன’ என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவோரும் உளர். நூலொன்று படிப்பாரின்றிக் கிடப்பினும் அலுமாரியில் இருந்துகொண்டேயிருக்கும். என்றேனும் ஒருவர் அதனை எடுத்துத் தூசு தட்டலாம். நாடகத்தின் நிலை அதுவன்று. ஆடப்படாத நாடகம், பாடப்படாத இசை, இவை பாதி உயிருடனேயே இருக்கின்றன. ஆதலின், ஒரு நாடகம் மேடையிலிருந்து எவ்வாறு இறங்கிற்று, தானே இறங்கிற்றா, இறக்கப்பட்டதா என்று ஆராய்தல் வரலாற்று மாணவருக்குப் பயனுள்ள முயற்சியாகும். இவ்வாராய்ச்சிக்குத் தக்க ஓர் எடுத்துக்காட்டு, 1932ஆம் ஆண்டின் இறுதியிற் பேர்லின் நகரில் அரங்கேறிய ‘பால் இம் சவோய்’ என்னும் ஜேர்மன் மொழி ஒப்பரேற்றா. ‘சவோய் விடுதியில் நடனவிழா’ என்பது அப்பெயரின் பொருள்.

ஒப்பரேற்றா என்பது யாதென முதலிற் சிறிது கூறுதல் வேண்டும். ஒப்பரா என்னும் பேரிசை நாடகத்தில் உரையாடல் முழுவதும் பெரும்பாலும் பாடப்படும். பொருளும் பெரும்பாலும் அவலச் சுவை சார்ந்தது. ஒப்பரேற்றாவோ பேச்சும் பாட்டும் நடனமும் நகையும் கலந்த களிநாடகம். பாரிஸ் நகரில் ஒபன்பாக் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வளர்த்த இவ்வடிவம், வியன்னாவில் யொகான் ஸ்றவுஸ் 1874இல் அளித்த ‘வௌவால்’ என்னும் நாடகத்தால் நிலைபெற்று, பிரான்ஸ் லெஹாரின் ‘களிப்புமிகு கைம்பெண்’ 1905இல் அரங்கேறியதோடு உலகெங்கும் பரவிற்று. முதலாம் உலகப்போரின் பின் வியன்னா பேரரசின் தலைநகர் என்னும் நிலையை இழந்தது. பெரிய அரங்குகளும் பெரும் பணமும் பேர்லினில் இருந்தன. இசையாசிரியரும் நடிகரும் அங்கே திரண்டனர்.

அவ்வாறு திரண்டவருள் ஒருவர் பவுல் ஆபிரகாம். அந்நாள் ஹங்கேரிக்கு உட்பட்டிருந்து இந்நாள் சேர்பியாவிலுள்ள அப்பற்றின் என்னும் ஊரில் 1892ஆம் ஆண்டு யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். புடாபெஸ்ற் இசைக்கழகத்திற் பயின்று, முதலில் நால்வர் நரம்பிசை முதலிய கனதியான இசைவடிவங்களை எழுதினார். அவை அவருக்குச் சோறு போடவில்லை. 1920களின் பிற்பகுதியிற் புடாபெஸ்ற் ஒப்பரேற்றா அரங்கில் இசை நடத்துநராக அமர்ந்த பின்னரே அவரது உண்மையான ஆற்றல் வெளிப்பட்டது. 1930இல் ‘விக்ரோறியாவும் அவள் குதிரைவீரனும்’, 1931இல் ‘ஹவாய் மலர்’, 1932இல் ‘சவோய் நடனவிழா’ என ஆண்டுக்கொன்றாக மூன்று வெற்றிகள் தொடர்ந்தன. வெண்கையுறை அணிந்து பல்லியத்தின் முன் நின்று அவர் இசை நடத்திய காட்சியைக் காண்பதற்கென்றே மக்கள் வந்தனர். நாற்பது வயதை எட்டுமுன் ஐரோப்பாவின் பெருஞ்செல்வமுடைய இசையாசிரியருள் ஒருவராக அவர் எண்ணப்பட்டார்.

ஒப்பரேற்றாவுக்கு இசையாசிரியர் ஒருவரே தந்தையல்லர். கதையும் உரையாடலும் பாடலும் அமைத்த இருவரையும் இங்குக் குறிப்பிடாமற் செல்லுதல் நன்றிகொன்ற செயலாகும். அல்பிரெட் குருண்வால்ட் வியன்னாவிற் பிறந்தவர். எம்மெரிக் கால்மானின் ‘மரித்சாப் பிரபுமகள்’ என்னும் 1924ஆம் ஆண்டு நாடகத்தை எழுதிய இருவருள் ஒருவர். பிரிட்ஸ் லோனர்-பேடா பொஹீமியாவிற் பிறந்து வியன்னாவில் வளர்ந்தவர், அங்கதப் புலவர், லெஹாரின் ‘புன்னகை நாடு’ முதலிய நாடகங்களின் பாடலாசிரியருள் ஒருவர். இவ்விருவரும் யூதரே.

இனி, நாடகத்தின் கதையைக் காண்போம். போபிளாஸ் கோமகன் அரிஸ்ரீட் என்பானும் அவன் மனைவி மடலேனும் தேனிலவுப் பயணம் முடிந்து நீஸ் நகரிலுள்ள தம் மாளிகைக்கு மீள்கின்றனர். மணமாவதற்கு முன் அரிஸ்ரீட் பெண்பித்துடையவன் என்று பெயரெடுத்தவன். தங்கொலிற்றா என்னும் நாட்டியக்காரியிடம், அவள் எப்பொழுது அழைப்பினும் ஓரிரவு அவளோடு விருந்துண்ண வருவதாக அவன் முன்னர் எழுத்து மூலம் வாக்களித்திருந்தான். அவ்வாக்கை இப்பொழுது நிறைவேற்றுமாறு தந்தி வருகின்றது. அன்றிரவே சவோய் விடுதியில் ஆண்டு நடனவிழா. மனைவியிடம் என்ன சொல்வது? பாரிஸிலுள்ள துருக்கித் தூதரகத்தைச் சேர்ந்த முஸ்தபா பே என்னும் நண்பன், அறுவரை மணந்து அறுவரையும் விலக்கிய அனுபவசாலி, ஒரு பொய்யைக் கட்டிக்கொடுக்கின்றான். புகழ்பெற்ற ஜாஸ் இசையாசிரியர் ஹோசே பசொடோப்ளே தம் பழைய நண்பர் என்றும், அவரைச் சந்திக்கச் செல்லவேண்டியுள்ளதென்றும் அரிஸ்ரீட் கூறுகின்றான். விதியின் விளையாட்டு யாதெனின், அப்பெயரில் எவனும் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்து அவ்வீட்டிலேயே விருந்தினளாக நிற்கும் டெய்சி என்னும் பெண்ணே ஆண்பெயரில் மறைந்து அவ்விசையை எழுதியவள்!

பொய் வெளிப்படுகின்றது. மடலேன் அழுது முடங்கவில்லை. முகமூடி அணிந்து தானும் விழாவுக்குச் செல்கின்றாள். நாணமிக்க இளைஞன் ஒருவனைத் துணையாகக் கொண்டு, கணவன் இருக்கும் அறைக்கு அடுத்த அறையில் விருந்துக்கு அமர்கின்றாள். பின்னர் விழாக்கூட்டம் முழுவதின் முன்னும் வந்து நின்று, கணவன் தனக்குச் செய்ததையே தானும் அவனுக்குச் செய்துவிட்டதாக அறிவிக்கின்றாள். இரண்டாம் அங்கத்தின் உச்சம் இது. மறுநாள் விவாகரத்துப் பேச்செழுகின்றது. இறுதியில், அவள் யாதொன்றும் செய்யவில்லை என்பது தெரிந்து இருவரும் இணங்குகின்றனர். முஸ்தபாவுக்கு டெய்சி ஏழாம் மனைவியாகின்றாள்.

கதை இலேசானது, ஐயமில்லை. ஆனால் ஆடவன் ஒழுக்கத்துக்கும் மகளிர் ஒழுக்கத்துக்கும் இருவேறு அளவுகோல்கள் இருத்தல் முறையா என்னும் வினாவை அது சிரிப்பினூடே எழுப்புகின்றது. தன் திறமையை ஆண்பெயரின் பின் ஒளித்துவைக்க வேண்டிய பெண்ணொருத்தியும் அதே வினாவை வேறொரு திசையிலிருந்து எழுப்புகின்றாள். எளிய களிநாடகம் என்று ஒதுக்குவோர் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்கவில்லை என்பது எமது கருத்து.

இசையின் இயல்பையும் சிறிது நோக்கவேண்டும். ஏனெனில், பின்னர் நிகழ்ந்த அழிவின் ஒரு பாதி இவ்விசையின் இயல்போடு தொடர்புடையது. வியன்னாவின் வால்ஸ் நடனம், ஹங்கேரியின் இசைமரபு, அமெரிக்காவிலிருந்து வந்த ஜாஸ், தங்கோ, பசொடோப்ளே ஆகியன யாவும் இந்நாடகத்தில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வருகின்றன. ‘கங்காரு’ என்னும் பெயரால் ஒரு நடனமும் உண்டு. வழக்கமான நரம்பிசைக் குழுவோடு சக்ஸபோன், பஞ்ஜோ, ஜாஸ் முழவுகள் ஆகியவற்றைக் கொண்ட குழுவொன்றையும் ஆபிரகாம் இணைத்தார். தாளத்தின் கூர்மையே இவ்விசையின் உயிர். அன்றியும், வாசிப்போர் இடமறிந்து தம் கற்பனையாற் சில சேர்த்தற்கு இடம் விட்டே அவர் எழுதினார். ஏட்டிலிருந்தது ஒரு பங்கு. வாசித்தோர் விரலிலும் மூச்சிலும் இருந்தது மற்றொரு பங்கு.

1932ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் பேர்லின் பெரும் நாடகசாலையில் அரங்கேற்றம் நடைபெற்றது. முன்னர் சர்க்கஸ் அரங்காக இருந்து, 1919இல் ஹான்ஸ் பேல்ற்சிக் என்னும் கட்டடக் கலைஞரால் மாற்றியமைக்கப்பெற்ற அம்மண்டபத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரலாம். மடலேனாக கிற்றா அல்பார், டெய்சியாக ரோசி பார்சொனி, முஸ்தபாவாக ஒஸ்கார் டேனெஷ் ஆகிய மூவரும் நடித்தனர், மூவரும் ஹங்கேரியர். வரவேற்புப் பெரிதாயிருந்தது. ஜேர்மன் குடியரசுக் காலத்தின் கடைசிப் பேரொப்பரேற்றா வெற்றி என்று இதனைப் பின்னாள் ஆசிரியர்கள் குறிப்பர். அரங்கேறி ஐந்து வாரங்கள் நிறைந்து சில நாளே கழிந்த நிலையில், 1933 ஜனவரி 30ஆம் நாள், ஹிற்லர் ஆட்சித்தலைவரானார்.

இவ்விடத்தில் வரலாற்றாசிரியர் அவசரப்படுதல் கூடாது. நாடகத்தைத் தயாரித்த அல்பிரெட் ரொற்றர், பிரிட்ஸ் ரொற்றர் என்னும் உடன்பிறந்தாரின் நிறுவனம் ஜனவரி மாத நடுப்பகுதியிலேயே, அஃதாவது ஆட்சி மாறுதற்கு முன்னரே, கடன்சுமையால் வீழ்ந்துவிட்டது. பேர்லினிற் பல அரங்குகளை ஒரே காலத்தில் நடத்திய அவர்கள், புகழ்மிக்க நடிகருக்குப் பெருஞ்சம்பளமும் மக்களுக்குக் குறைந்த விலையில் நுழைவுச்சீட்டும் என்னும் முறையில் தொழில் செய்தனர். பொருளாதார மந்த காலத்தில் அம்முறை நிலைக்கவில்லை. பேசும்படத்தின் போட்டியும் சேர்ந்தது. ஆகவே, ஒப்பரேற்றாத் தொழில் நோயுற்றிருந்தது என்பது மெய். நோயுற்றது தானே இறந்ததா என்பதே வினா. ரொற்றர் உடன்பிறந்தார் லிக்கின்ஸ்ரைன் என்னும் சிறு நாட்டுக்கு ஓடினர். 1933 ஏப்ரல் 5ஆம் நாள் நாஜிச் சார்பினர் சிலர் அவர்களை அங்கிருந்து கடத்திச் செல்ல முயன்றனர். தப்பியோடுகையில் அல்பிரெட் ரொற்றரும் அவர் மனைவியும் மலைச்சரிவில் வீழ்ந்து மாண்டனர். கடன்பட்ட வணிகருக்கு இத்தகைய முடிவு சந்தைநிலையால் நேர்வதன்று.

பின்னர் நிகழ்ந்தவற்றை விரைந்து கூறலாம். யூதர் எழுதிய நாடகம், யூதர் அமைத்த இசை, அதிலும் ஜாஸ். புதிய ஆட்சியினர் வெறுத்த யாவும் இந்நாடகத்தில் ஒருங்கே இருந்தன. சில மாதங்களுக்குள் ஆபிரகாமின் படைப்புகள் ஜேர்மன் மேடைகளினின்றும் அகன்றன. அவர் பேர்லினை விட்டு வியன்னாவுக்கும் புடாபெஸ்ற்றுக்கும் மீண்டு, மேலும் சில நாடகங்களை அளித்தார். 1938 மார்ச்சில் ஒஸ்திரியாவும் ஜேர்மனியோடு இணைக்கப்பட்டபோது அவ்வாயிலும் அடைபட்டது. குருண்வால்ட் சிறைப்பட்டு விடுதலையாகி, பாரிஸ் வழியாக அமெரிக்கா சென்று, 1951இல் நியூயோர்க்கில் இறந்தார். லோனர்-பேடாவுக்கு அந்த நல்வாய்ப்பும் கிட்டவில்லை. 1938 மார்ச்சிலேயே கைதாகி, டாக்கௌ முகாமுக்கும் பின்னர் புக்கன்வால்ட் முகாமுக்கும் கொண்டுசெல்லப்பட்டார். புக்கன்வால்டில் ஹெர்மன் லெயொபொல்டி என்னும் கைதி இசையமைக்க, முகாம்வாசிகள் பாடுதற்கான நடைப்பாடலை எழுதியவர் இவரே. இறுதியில் அவுஷ்விற்ஸ் முகாமைச் சார்ந்த மொனோவிற்ஸில் 1942 டிசம்பர் 4ஆம் நாள் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் மனைவியும் இரு பெண்மக்களும் அதே ஆண்டில் கொலையுண்டனர். அவர் எழுதிய பாடல்களுக்கு இசையமைத்த லெஹாரோ, மனைவி யூதப் பிறப்பினராயிருந்தும், ஜேர்மனியில் தொடர்ந்து போற்றப்பட்டார். ‘களிப்புமிகு கைம்பெண்’ ஹிற்லரின் விருப்பத்துக்குரிய நாடகம். அதனை எழுதிய இருவரும் யூதர் என்பதால், அவர்தம் பெயர்களை மட்டும் நீக்கிவிட்டு நாடகத்தை ஆடினர்.

இனி, ‘சுவை மாறிற்று’ என்போரின் கூற்றுக்கு எதிரான சான்றைக் காண்போம். ‘சவோய் நடனவிழா’ 1933 செப்ரெம்பரில் இலண்டன் டுறூறி லேன் அரங்கில் ஒஸ்கார் ஹமர்ஸ்ரைனின் ஆங்கில வடிவத்தில் மேடையேறிற்று. பேர்லினில் நடித்த பார்சொனியும் டேனெஷும் அங்கும் நடித்தனர். பேர்லினிற் கிடைத்த வரவேற்பு அங்குக் கிடைக்கவில்லை என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் ஹங்கேரியின் செய்தி வேறு. அங்கு இந்நாடகம் ஹங்கேரிய மொழியில் அவ்வாண்டே ஆடப்பட்டது. போருக்குப் பின்னரும் அந்நாட்டு அரங்குகளில் மீண்டும் மீண்டும் ஆடப்பட்டு இன்றும் மக்கள் அறிந்த நாடகமாக விளங்குகின்றது. நாடகத்தில் இயல்பான குறைபாடு இருந்து, அதனாலேயே அது மடிந்ததெனின், எல்லைக்கு அப்பால் அதே நாடகம் உயிரோடு இருந்தமைக்குக் காரணம் கூறவியலாது.

ஜேர்மனியில் அதன் இடம் வெற்றிடமாக விடப்படவில்லை என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. ஆபிரகாமின் முந்திய வெற்றிகளுக்குக் களமாயிருந்த மெற்றொப்போல் அரங்கில் 1937இல் பிரெட் றேமண்டின் ‘நீல முகமூடி’ அரங்கேறிற்று. தூரதேசக் காட்சி, துள்ளும் நடனம், கண்கவர் மகளிர் என ஆபிரகாமின் உத்திகள் பல அதில் ஆபிரகாமின்றியே அமைந்தன. போர் முடிந்தபின் ஜேர்மன் அரங்குகள் மீண்டும் திறந்தபோது இவ்வகை நாடகங்கள் இடையீடின்றித் தொடர்ந்தன. பன்னிரண்டு ஆண்டுகள் சல்லடையிட்டு எஞ்சியதையே மக்கள் ‘பழைய ஒப்பரேற்றா மரபு’ என்று கருதினர். விலக்கப்பட்டது இன்னது என்று அறிவதற்கே வழியில்லாதபோது அதனை எவர் வேண்டுவர்?

ஆபிரகாமின் நாடகங்கள் 1950களில் மீண்டும் சிறிது தலைகாட்டின. ‘சவோய் நடனவிழா’ 1955இல் மேற்கு ஜேர்மனியிற் படமாகவும் வந்தது. எனினும் இம்மீட்சியை இரண்டாம் மறைவு என்றே நாம் கூறுவோம். அக்கால மேடைகளுக்கும் வானொலிக்குமாக அவருடைய இசை புதிதாக அமைக்கப்பட்டது: ஜாஸ் குழு அகன்றது, நரம்பிசை தடித்தது, வேகம் தளர்ந்தது, கூரிய நகைப்பு மென்மையான ஏக்கமாயிற்று. போரில் தோற்று இடிபாடுகளிடையே வாழ்ந்த மக்கள் ஆறுதலை நாடினர் என்பதை உணராதவர் அல்லேம். ஆயினும் சர்க்கரைப் பாகில் தோய்த்து அளிக்கப்பட்ட அவ்வடிவமே ஆபிரகாமின் இசை என்று அடுத்த தலைமுறை நம்பிற்று. நம்பி, இது நம் பாட்டன் பாட்டியர்க்குரியது என்று தள்ளிற்று. 1932இன் நாடகத்தை அவர்கள் கேட்டதேயில்லை.

அதனைக் கேட்பித்தலும் எளிதன்று. ஒப்பரேற்றா உலகில் எல்லா வாத்தியப் பகுதிகளையும் ஒருங்கே காட்டும் முழு இசைப்பிரதியை அச்சிடும் வழக்கம் அரிது. பியானோவுக்குரிய சுருக்கப் பிரதியொன்றில், எவ்விடத்து எவ்வாத்தியம் நுழையும் என்னும் குறிப்புகளை வைத்துக்கொண்டே நடத்துநர் தொழில் நடத்துவார். ஆக்கியோன் உயிரோடிருந்து அருகில் நின்று திருத்தும் வரை இம்முறை போதுமானது. ஆக்கியோன் நாடுகடந்தான், வாசித்தோர் சிதறினர், பிரதிகள் பதிப்பாளர் கிடங்குகளில் திருத்தங்களோடும் வெட்டுகளோடும் கிடந்தன.

ஆக்கியோன் நிலையோ பிரதிகளின் நிலையினும் பரிதாபமானது. பாரிஸ், கியூபா, நியூயோர்க் என்று அலைந்த ஆபிரகாமுக்கு அமெரிக்க மேடையில் இடம் கிடைக்கவில்லை. 1946இல் அவர் மனம் பேதலித்தது. நியூயோர்க் வீதி நடுவே வெண்கையுறையோடு நின்று, இல்லாத பல்லியமொன்றை நடத்தினார் என்று கூறுவர். பத்தாண்டுகள் மனநோய் மருத்துவமனையில் வாழ்ந்து, 1956இல் ஹம்பேர்க் நகருக்குக் கொண்டுவரப்பட்டார். தாம் இன்னும் நியூயோர்க்கிலேயே இருப்பதாக எண்ணிக்கொண்டு 1960 மே 6ஆம் நாள் அங்கு இறந்தார். அவர் மீண்டு வந்த அந்த நான்காண்டுகளிலும் வானொலிகள் அவருடைய இசையின் திரிந்த வடிவத்தை ஒலிபரப்பிக்கொண்டுதான் இருந்தன.

மூலவடிவம் மீண்டது 2013ஆம் ஆண்டிலாகும். பேர்லின் கொமிஷ ஒப்பரா அரங்கின் தலைவராயிருந்த பாரி கொஸ்கி இந்நாடகத்தை நெறிப்படுத்தினார். ஹென்னிங் ஹாகெடோண், மத்தியாஸ் கிறிம்மிங்கர் என்னும் இருவர் எஞ்சிய பிரதிகளை ஒப்புநோக்கி இசையை மீட்டமைத்தனர். அடம் பென்ஸ்வி இசை நடத்த, டாக்மார் மன்சல் மடலேனாகவும் கதரீன மேர்லிங் டெய்சியாகவும் நடித்தனர். அவ்வரங்கக் கட்டடம் பழைய மெற்றொப்போல் அரங்கே என்பது குறிப்பிடத்தக்கது. சக்ஸபோனும் பஞ்ஜோவும் மீண்டும் ஒலித்தன. வெற்றி பெரிதாயிற்று, அதனைத் தொடர்ந்து ஆபிரகாமின் வேறு நாடகங்களும் ஜேர்மன் மேடைகளுக்குத் திரும்பின. அவற்றுள் ஒன்றான, 1937இல் வியன்னாவில் அரங்கேறிய ‘றொக்சியும் அவள் விந்தைக் குழுவும்’ 2019இல் அதே கொமிஷ ஒப்பராவில் ஆடப்பட்டது.

மீட்டமைத்தோர் பணி, சிதைந்த ஏட்டிலிருந்து பாடம் காண்போர் பணியையே ஒத்தது. ஆயினும் ஏட்டுப் பதிப்பாளர்க்கு இல்லாத இடர் ஒன்று இவர்க்கு உண்டு. 1932இல் வாசித்தோர் தம் கற்பனையாற் சேர்த்தவை எவ்வேட்டிலும் இல்லை; அக்காலத்து இசைத்தட்டுகளில் எஞ்சியுள்ள சில பாடல்களே அதற்குச் சான்று. அவ்விசைத்தட்டுகளில் கிற்றா அல்பாரின் குரலும் டேனெஷின் குரலும் இன்றும் கேட்கின்றன. அவற்றிற் கேட்கும் வேகம், 1950களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பழகியவரைத் திடுக்கிடச் செய்யும்.